ஓரத்தில் கிடந்த 3199

என் கணக்கு நோட்டின் 31ஆம் பக்கத்தில், வலது ஓரத்தில், பென்சிலால் பொடி எழுத்தில் "3199 × 3199 = 10233601" என்று எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே ஒரு பெருக்கல் குறி. "இது இல்லை, மேலே போ" என்பதற்கு நான் வைத்திருக்கும் அடையாளம் அது. தேடிக்கொண்டிருந்த விடையை நானே எழுதி, நானே அடித்துவிட்டு, அதையும் தாண்டி 64 வரிகள் கணக்குப் போட்டிருக்கிறேன். இது தெரியவர ஒன்பது நாள் ஆயிற்று.

எண் இதுதான்: 8616460799. பத்து இலக்கம். 1874இல் வெளிவந்த தம் நூலில் ஆங்கிலேயப் பொருளியலறிஞரும் தருக்கவியலாளருமான வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் இதைக் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று வாசகரிடம் கேட்டார். தம்மைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியவரும் என்று தோன்றவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டு எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கி வந்ததைத் திரும்பப் பிரிப்பது கடினம் என்பதைக் காட்டத்தான் இந்த எடுத்துக்காட்டு. கணினியில் போட்டால் கண் இமைப்பதற்குள் விடை வரும். அதில் எனக்கு என்ன இருக்கிறது? ஜெவன்ஸ் காலத்து வாசகரிடம் இருந்த கருவிகளோடு மட்டும் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கருவிகள் என்றால் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று, பென்சில் இரண்டு, ரப்பர், நேரம் குறிக்க ஒரு கைக்கடிகாரம். கால்குலேட்டர் கூடாது. கட்ட நோட்டை வலியுறுத்திச் சொல்கிறேன். கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதாவிட்டால் பத்து இலக்கக் கணக்கில் இடம் நழுவுவதைத் தடுக்கவே முடியாது. முதல் நாள் கோடு போட்ட நோட்டில் தொடங்கி, அரைமணி நேரத்தில் தூக்கிப் போட்டேன்.

முதல் வேலை, பகா எண்களின் பட்டியல். 1 முதல் 1000 வரை எழுதி, 2இன் மடங்கு, 3இன் மடங்கு, 5இன் மடங்கு என்று அடித்துக்கொண்டே போனால் அடிபடாமல் நிற்பவை பகா எண்கள். முக்கால் மணி நேரம் பிடித்தது. 168 எண்கள் மிஞ்ச வேண்டும். எனக்கு 169 மிஞ்சின. 91ஐ அடிக்க மறந்திருந்தேன். அந்த எண் எல்லாரையும் ஏமாற்றும்.

அடுத்தது வகுத்தல். 3இல் ஆரம்பித்தேன், இலக்கங்களின் கூட்டுத்தொகை 56, எனவே போகாது. 5, பார்த்தாலே போகாது. 7ஆல் வகுத்தேன். மீதி பூஜ்யம்! நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். ஈவு 1230915257. அதை 11ஆல் வகுத்தேன், மீதி பூஜ்யம். 13ஆல் வகுத்தேன், அதற்கும் மீதி பூஜ்யம். மூன்றாவது பூஜ்யத்தில்தான் சந்தேகம் வந்தது. யாராலும் முடியாது என்று ஒருவர் சவால் விட்ட எண், பள்ளிப் பையன் வகுக்கும் 7க்கும் 11க்கும் 13க்கும் வரிசையாகவா மடங்கும்?

மகளைக் கூப்பிட்டு, நோட்டில் இருந்த எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். "எண்ணூற்று அறுபத்தொரு கோடியே அறுபத்து நான்கு லட்சத்து ஆறாயிரத்து..." என்று படித்தவள், மூல எண்ணைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ஆறாயிரமா, அறுபதாயிரமா?" என்று கேட்டாள். அறுபதாயிரம்தான். 60ஐ நான் 06 என்று மாற்றி எழுதியிருந்தேன். 8616460799க்குப் பதில் 8616406799. அந்தத் தவறான எண் 7, 11, 13 மூன்றுக்கும் மிச்சமின்றி மடங்கும் என்பது தற்செயல்தான். மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் 799 − 406 + 616 − 8 = 1001. 1001 என்பது 7 × 11 × 13. சரியான எண்ணுக்கு அதே கணக்கு 947 தருகிறது, அது மூன்றில் எதற்கும் மடங்காது. கைதவறி இலக்கம் மாற்றி எழுதினாலும் இவ்வளவு அழகாக மாற்றி எழுத முடியுமா என்று அன்று இரவு முழுக்கச் சிரித்தேன்.

திரும்பவும் தொடக்கம். 17ஆல் வகுத்தால் மீதி 4. 19க்கு 15. 37க்கு 33. 73க்கு 42. 101க்கு 6. ஒவ்வொரு வகுத்தலுக்கும் சராசரியாக இரண்டரை நிமிடம். மூன்று மாலைகளில் 401 வரை, அதாவது 79 பகா எண்கள் வரை போனேன். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். 8616460799இன் வர்க்கமூலம் 92825க்குச் சற்றுக் குறைவு. 90000க்குக் கீழேயே 8713 பகா எண்கள் இருக்கின்றன. ஒரு வகுத்தலுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் நானூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒரு தவறுகூட நேராவிட்டால். பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. 401இல் கோடு போட்டு, "மூன்று மாலை வீண்" என்று எழுதி வைத்தேன். அது வீண் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அடுத்து எடுத்தது பிரெஞ்சுக் கணிதர் பெர்மா 1640களில் கையாண்ட முறை. எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் வேலை முடிந்தது: அந்த இரண்டு வர்க்கமூலங்களைக் கூட்டினால் ஒரு காரணி, கழித்தால் மற்றொன்று. ஒரு வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்து, வந்த மிச்சமும் முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வர்க்கத்துக்குப் போக வேண்டும். பழகிக்கொள்ள பெர்மாவே பிரித்த 2027651281ஐ எடுத்தேன். 45030இல் தொடங்கினால் முதல் மிச்சம் 49619, அது வர்க்கம் இல்லை. பன்னிரண்டாவது வரியில், 45041இல், மிச்சம் 1040400. அது 1020இன் வர்க்கம். 45041 + 1020 = 46061, 45041 − 1020 = 44021. முடிந்தது. அரைமணி நேரத்தில் கிடைத்த இந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது. சரிபார்க்காமல் வேகமாகப் போகலாம் என்ற தைரியம் அங்கிருந்துதான் வந்தது.

ஜெவன்ஸின் எண்ணுக்கு 92825இல் தொடங்க வேண்டும். அதன் வர்க்கம் 8616480625. எண்ணைக் கழித்தால் 19826. ஒவ்வொரு வரிக்கும் புதிதாக வர்க்கம் காண வேண்டியதில்லை என்பதுதான் இந்த முறையின் சுகம். முந்தைய மிச்சத்தோடு ஓர் ஒற்றைப்படை எண்ணைக் கூட்டினால் போதும். முதலில் 185651, பிறகு 185653, பிறகு 185655 என்று இரண்டிரண்டாக ஏறும். நோட்டில் நான்கு பத்தி போட்டேன்: எண், கூட்டவேண்டியது, மிச்சம், தீர்ப்பு.

92825: 19826, இல்லை
92826: 205477, இல்லை
92827: 391130, இல்லை
92828: 576785, இல்லை

தீர்ப்புக்கும் ஒரு சுருக்கு வழி உண்டு. முழு வர்க்கத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள் 22 விதமாக மட்டுமே இருக்க முடியும்: 00, 01, 04, 09, 16, 21, 24, 25 என்று அந்த வரிசை 96 வரை போகும். அந்தப் பட்டியலை ஓர் அட்டையில் எழுதி நோட்டின் தலைமாட்டில் செருகினேன். 26, 77, 30, 85 எல்லாம் பார்த்த மாத்திரத்தில் அடிபட்டன. பட்டியலில் இருந்தால் மட்டும் வர்க்கமூலம் தேடுவது. எட்டாவது வரியில், 92832இல், 1319425 வந்தபோது கொஞ்சம் நம்பிக்கை எழுந்தது. 25இல் முடிகிறதே! ஆனால் 5இல் முடியும் எண்ணின் வர்க்கத்தில், 25க்கு முன்னால் இருப்பது அடுத்தடுத்த இரண்டு எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும். 114 × 115 = 13110, 115 × 116 = 13340. நமக்கு வந்தது 13194. போயிற்று.

இப்படியே இரண்டு மாலை. 92880ஆம் வரியில் மிச்சம் 10232601 என்று வந்தது. 01 பட்டியலில் இருக்கிறது. 3200இன் வர்க்கம் ஒரு கோடியே இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். எனவே 3199ஐப் பார்த்தேன். 10233601. என் மிச்சம் 10232601. இரண்டுக்கும் சரியாக ஆயிரம் வித்தியாசம், மற்ற எல்லா இலக்கமும் ஒன்றே. கொஞ்சம் கண் திறந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். களைப்பில், "பக்கத்தில் வந்தது, ஆனால் இல்லை" என்று பெருக்கல் குறி போட்டுவிட்டு மேலே போனேன். 92944 வரை, மொத்தம் 120 வரிகள். பிறகு நோட்டை மூடி ஒரு வாரம் திறக்கவில்லை.

திறக்க வைத்தது ஓர் எளிய எண்ணம்: 92900இன் வர்க்கத்தைக் காண்பது சுலபம், நேரடியாகக் கண்டு நோட்டில் உள்ளதோடு ஒப்பிட்டால் என்ன? 929இன் வர்க்கம் 863041. எனவே 8630410000. எண்ணைக் கழித்தால் 13949201. நோட்டில் இருந்தது 13948201. வயிற்றில் ஏதோ இறங்கியது போல இருந்தது. ஆயிரம் குறைகிறது, அப்படியானால் இடையில் எங்கோ ஒரு கூட்டலில் ஆயிரத்தை விட்டிருக்கிறேன்.

எந்த வரி என்று தேட ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடவில்லை. பாதிப் பாதியாக வெட்டினேன். 92850ஐ நேரடியாகப் போட்டேன்: 4661701. நோட்டில் 4660701, அங்கேயே தவறு. 92840: 2804801, நோட்டிலும் அதேதான். ஆக, இடையில் உள்ள பத்து வரிகளில் ஒன்று. 92849இல் பிடிபட்டது. 4290305ஓடு 185697ஐக் கூட்ட வேண்டும். 5உம் 7உம் பன்னிரண்டு. இரண்டை எழுதி ஒன்றை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனேன். 0, 9, அந்த ஒன்று, மொத்தம் பத்து. மறுபடி ஒன்று போகிறது. 3, 6, ஒன்று, மறுபடி பத்து. அடுத்த இடத்தில் 0உம் 5உம் கொண்டுவந்த ஒன்றும் சேர்ந்து ஆறாக வேண்டும். ஐந்து என்று எழுதியிருக்கிறேன். மூன்று முறை தொடர்ந்து கொண்டுபோன ஒன்றை நான்காவது இடத்தில் கைவிட்டிருக்கிறேன். 4476002 வரவேண்டிய இடத்தில் 4475002. அதற்குப் பின் வந்த 95 வரிகளும் ஆயிரம் குறைந்தே வந்தன.

அதன் பிறகு ஒன்றும் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. 31ஆம் பக்கத்தைத் திருப்பி, ரப்பரால் ஒரு 2ஐ அழித்து 3 போட்டேன். 10233601. ஓரத்தில் 3199 காத்திருந்தது.

92880 + 3199 = 96079. 92880 − 3199 = 89681.

பெருக்கிப் பார்க்காமல் தூங்க முடியுமா? 89681ஐ 96000ஆல் பெருக்கினால் 8609376000. 79ஆல் பெருக்கினால் 7084799. கூட்டினால் 8616460799. இந்த முறை இலக்கம் இலக்கமாக வாய்விட்டுப் படித்தேன். பெருக்கலுக்கு ஆன நேரம் நான்கு நிமிடம். ஜெவன்ஸ் சொன்ன பாடம் அந்த நான்கு நிமிடத்தில் முழுதாக விளங்கியது.

ஆனால் இந்த இரண்டும் பகா எண்களா, இன்னும் உடையுமா? அந்தக் கேள்விக்காகப் புதிய பக்கம் திருப்பி, பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. 310இன் வர்க்கம் 96100. 96079ஓ 89681ஓ உடைவதாக இருந்தால், அவற்றுக்கு 310க்குக் குறைந்த பகாக் காரணி ஒன்று இருந்தாக வேண்டும். அது இருந்தால் 8616460799ஐயும் மிச்சமின்றி வகுத்திருக்கும். நான்தான் 401 வரை ஒன்றுவிடாமல் வகுத்து, ஒன்றும் போகாது என்று எழுதி வைத்திருக்கிறேனே! "மூன்று மாலை வீண்" என்ற வரியை அடித்தேன். வீணானது 311 முதல் 401 வரை உள்ள 16 வகுத்தல்கள் மட்டும். மற்ற 63 சோதனைகளும் இரண்டு எண்களும் பகா எண்கள் என்பதற்குச் சான்றாக நின்றன. புதிய பக்கம் வெறுமையாகவே இருக்கிறது.

விடை கிடைத்த பிறகு, இதையே குறைந்த உழைப்பில் செய்திருக்க முடியுமா என்று திரும்பிப் பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால் வெட்கமாக இருந்தது. நம் எண்ணை 3ஆல் வகுத்தால் மீதி 2. எந்த வர்க்கத்தையும் 3ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழித்து 2 மீதி வர வேண்டுமென்றால் முதல் வர்க்கம் 3இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும். 8ஆல் வகுத்தால் நம் எண்ணின் மீதி 7. வர்க்கங்களுக்கோ 0, 1, 4 மட்டும்தான் வரும். அங்கேயும் ஒரே வழிதான்: தொடங்கும் எண் 4இன் மடங்கு. ஆக, 12இன் மடங்குகளை மட்டும் பார்த்தால் போதும். 92825க்கு மேல் அவை 92832, 92844, 92856, 92868, 92880. ஐந்தே ஐந்து. 4இலோ 6இலோ முடியும் எண்ணின் வர்க்கம் 6இல் முடியும். அதிலிருந்து 9இல் முடியும் நம் எண்ணைக் கழித்தால் 7இல் முடியும். எந்த வர்க்கமும் 7இல் முடியாது. எனவே நடுவில் உள்ள இரண்டும் போயின. 92832ஐ ஏற்கெனவே பார்த்தோம். 92868க்கு மிச்சம் 8004625; 282 × 283 = 79806, 283 × 284 = 80372, நமக்கு வந்தது 80046. அதுவும் இல்லை. மூன்றாவது முயற்சி 92880.

கடிகாரத்தைப் பார்த்தேன்: பதினெட்டு நிமிடம். 120 வரிகள் எழுதியதற்கு இது பதில். பிறகு படித்ததில், அமெரிக்கக் கணிதர் டெரிக் நார்மன் லெமர் 1903இலேயே இந்த எண்ணைப் பிரித்துவிட்டார் என்றும், ஜெவன்ஸ் காலத்து ஆள்கூடக் கையாலேயே இதைச் சில மணி நேரத்தில் முடித்திருக்கலாம் என்று இன்னொரு கணிதரான சாலமன் கோலோம்ப் 1996இல் எழுதினார் என்றும் தெரிந்தது. ஜெவன்ஸின் பிழை, இரண்டு காரணிகளையும் ஒன்றுக்கொன்று இவ்வளவு அருகில் எடுத்ததுதான். சராசரி 92880, வர்க்கமூலம் 92825க்கு ஒட்டி. இடைவெளி 55 மட்டுமே.

இந்த முறை எல்லா எண்ணையும் பிரித்துவிடும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நான் கிளம்பினேன். 4294967297ஐ எடுத்தேன், 2ஐ 32 முறை பெருக்கி ஒன்றைக் கூட்டியது. இது பகா எண் என்று பெர்மா நம்பினார். 1732இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் இதை உடைத்தார். 65537இல் தொடங்கினால் முதல் மிச்சம் 131072. 362இன் வர்க்கம் 131044 என்று பார்த்தவுடன் அடடா என்று ஆசை கிளம்பியது. நாற்பது வரியில் கைவிட்டேன். காரணிகள் 641, 6700417. ஒன்று எறும்பு, மற்றொன்று யானை. பெர்மாவின் முறையில் இவை வெளிப்படும் வரி 3284993ஆவது. நிமிடத்துக்கு ஒரு வரி என்று இரவு பகலாகப் போட்டாலும் ஆறு ஆண்டுக்கு மேல். ஆனால் நான் இளக்காரம் செய்த வெறும் வகுத்தலில் 641 என்பது 116ஆவது பகா எண். நான்கைந்து மாலையில் வந்து சேர்ந்துவிடும். காரணி 64இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகவே இருக்கும் என்ற ஆய்லரின் வழியில் போனால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது வகுத்தல். பெர்மாவின் எண்ணைப் பெர்மாவின் முறையால் தொட முடியாமல் போனது எனக்கு ஒரு சின்ன சந்தோஷத்தைக் கொடுத்தது.

அடுத்த முறை என்ன மாற்றுவேன்? பத்து வரிக்கு ஒரு முறை வர்க்கத்தை நேரடியாகக் கண்டு ஒப்பிடுவேன், இது கட்டாயம். ஒவ்வொரு வரிக்கும் இலக்கங்களைக் கூட்டி ஒன்பது தள்ளிப் பார்ப்பேன், அதாவது 9ஆல் வகுத்த மீதிகள் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பேன். விட்டுப்போன அந்த ஒன்று இதில் உடனே பிடிபட்டிருக்கும். ஆனால் 60ஐ 06 என்று எழுதியதை ஒன்பது பிடிக்காது, கூட்டுத்தொகை மாறுவதில்லையே. அதற்கு வாய்விட்டுப் படிப்பதுதான் மருந்து. சிறு பகா எண்களால் வகுப்பதை விடமாட்டேன், ஆனால் அதற்கு முன் மீதிகளைப் பார்த்துச் சல்லடை போட்டுவிடுவேன். செலவுக் கணக்கு: 46 பக்கம், ஒன்றரைப் பென்சில், எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் உருப்படியானது நான்கு மணி நேரம் தேறும்.

புதிய நோட்டின் முதல் பக்கத்தில் அடுத்த எண்ணை நேற்று எழுதினேன்: 11111111111. பதினொரு ஒன்றுகள். இதில் இலக்கம் இடம் மாற வழியே இல்லை என்று மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்பா, பத்துதான் இருக்கிறது" என்றாள்.